பச்சைக்குப் பிறந்த நீலம்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது நடந்தது இது. நானும் எதிர்வீட்டு நண்பனும் ஒரே செக்‌ஷன். தினமும் அவன் ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போவோம். அவன் ஓட்டுவான், பின்னால் உட்கார்ந்து நான் ஊர்க்கதை ஓட்டுவேன்.

எனக்கு லவ் பேர்ட்ஸ் பைத்தியம். என் நீல ஆணுக்கும் பச்சைப் பெட்டைக்கும் பிறந்த குஞ்சுகள் எல்லாமே பச்சை. நண்பன் ஆசைப்பட்டானே என்று அதில் ஒரு ஜோடியைக் கொடுத்தேன். பிறகு நீலத்துக்கு ஏங்கி, பூந்தமல்லியில் ஒரு நீலக் குஞ்சு வாங்கி வந்தேன். ஒருநாள் அதைக் காணோம். கூண்டைச் சாத்த மறந்த புண்ணியவான் நான்தான். ஆனால் அடுத்த வாரமே நண்பனின் கூண்டில் ஒரு நீலக் குஞ்சு!

"முட்டை போட வெச்ச பானையிலேர்ந்து எட்டிப் பாத்துச்சு மச்சான், நீலமா கீது" என்றான் சந்தோஷமாக.

"பச்சைக்கும் பச்சைக்கும் நீலம் பொறக்குமா? யாருக்குக் காது குத்துற?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவன் முகம் சுருங்கிப்போனது. கூண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அதன்பின் இரண்டு மாதம் நான் பஸ்ஸில் தொங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளஸ் டூ படிக்கும் அவன் மகள் வந்து கூப்பிட்டாள். போனேன். கூண்டுப் பானைக்குள் புதிதாக நான்கு குஞ்சுகள். இறகு முளைக்கும் பருவம். மூன்று பச்சை, ஒன்று நீலம்.

"இத்தையும் உன் ஊட்லேர்ந்துதான் தூக்கிகினு வந்தேனா?" என்றான் நண்பன்.

"மாமா, நீங்க குடுத்த ஜோடிக்கு அப்பா நீலந்தானே? அந்த நீலம் ரெண்டுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் சேந்து வந்தாதான் வெளிய தெரியும். பட்டாணிச் செடி பாடம் நீங்க படிக்கலையா?" என்றாள் மகள்.

படித்தேனே! நெட்டைச் செடி, குட்டைச் செடி எல்லாம் மனப்பாடம். மார்க்கும் வாங்கினேன். அது பட்டாணிக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டேன்.

"தப்புதான், மன்னிச்சிடு மச்சான்."

"அத்த வுடு. நாளைலேர்ந்து வண்டிய நீ ஓட்டு, நான் பின்னால குந்திகினு வரேன்."

இப்போது அவன் ஓய்வு பெற்று வானகரம் பக்கம் போய்விட்டான். நானும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாயிற்று. ஆனாலும் யார்மீதாவது சந்தேகப்பட்டு வாயைத் திறக்கும்போதெல்லாம், சுருங்கிப்போன அந்த முகம் கண்முன் வந்து, கண்ணுக்குத் தெரியாததால் ஒன்று இல்லாமல் போய்விடாது என்று என்னைத் தடுத்துவிடுகிறது.