எனக்கு மட்டும் ஆடிய தரை

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுச் சமையலறையில் நின்றிருந்தேன். திடீரென்று தரை ஒரு பக்கமாகச் சரிகிற மாதிரி இருந்தது. மகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டு அக்கா குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா ஆச்சு?"

"பூமி ஆடுச்சுக்கா. உங்களுக்குத் தெரியலயா?"

அவருக்குத் தெரியவில்லை. அந்த வரிசையில் யாருக்குமே தெரியவில்லை. சிலர் சிரித்தார்கள்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. தங்கச் சுரங்கம் மூடும்வரை கீழே இறங்கி வேலை பார்த்தவர். அப்போதெல்லாம் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரங்கள் உருளுமாம். "மைன்ஸ் மூடினா இன்னா, கீழ காலியாத்தான கீது" என்றார். பெங்களூரில் சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் போய்விடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்கப் போனில் பதில் எழுத வேண்டும். அது முடிந்தால் அதே போனில் வீடியோ. நிலநடுக்கம் பற்றித் தேடித் தேடிப் படித்ததும் அதில்தான். படிக்கப் படிக்க ஆட்டம் அதிகமானதே தவிர, குறையவில்லை.

அந்த வாரமே சோறு வடிக்கும்போது மறுபடியும் ஆடியது. பானை நழுவி, கொதிக்கும் கஞ்சி மகளின் காலுக்குப் பக்கத்தில் ஓடியது. நல்லவேளை, அவள்மேல் படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஆடுது, இப்போ ஆடுது" என்று கத்தினேன்.

அவர் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் வைத்து, குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தண்ணி ஆடலம்மா. நீதான் ஆடுற."

டாக்டர் ரத்த அழுத்தம், காது எல்லாம் பார்த்தார். கழுத்தைத் திருப்பச் சொன்னார். பாதிக்கு மேல் திரும்பவில்லை. "ரொம்ப நேரம் குனிஞ்சு போன் பாப்பீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தபோது கையிலிருந்த போன் அதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். "சரி, புரியுது" என்றார்.

கழுத்துத் தசை இறுகினால் தலை இப்படிச் சுற்றும் என்பதே எனக்குப் புதிது. தினமும் பயிற்சி செய்கிறேன். வேலை முடிந்ததும் போனை அலமாரியில் வைத்துவிடுகிறேன். ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது, முழுக்க நிற்கவில்லை.

பூமி ஆடியிருந்தால் எல்லோருமாகச் சேர்ந்து ஓடியிருப்போம். ஆடியது என் உடம்புதான் என்று தெரிந்தபோது வந்தது நிம்மதியா பயமா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.