ஒன்பதாம் தூணருகே வளைந்த வழி

எண்ணூர் பக்கம் லாரி உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தள்ளுவண்டி தள்ளும் கார்குழலி யாரோடும் ஒட்டமாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். காரணம் இருந்தது. அவள் புருஷன் பீம்ராவ் அதே ஆலையில், ஒன்பதாம் தூண் பக்கத்தில், இரும்புத் தகட்டுக் கட்டு சரிந்து செத்தவன். மறுநாளே தரையைக் கழுவிப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அவனுக்குப் பதிலாக அவளுக்கு வேலை கொடுத்தார்கள். அவள் வந்த நாள் முதல் ஒருத்தர் வாயிலும் அவன் பேர் வரவில்லை. எம்.கே.பி. நகரில் அவனோடு ஒன்றாக வளர்ந்து, ஒரே தட்டில் பிரியாணி தின்ற மேஸ்திரி பரசுராமன்கூட மூச்சு விடவில்லை. மறந்துவிட்டார்கள் பாவிகள் என்று அவள் முடிவுகட்டி வருஷக்கணக்காகிறது. அவள் மட்டும் அந்த இடத்தில் கால் வைக்கமாட்டாள். யாருக்கும் தெரியாமல் வண்டியைக் கொஞ்சம் ஒடித்துச் சுற்றிப் போய்விடுவாள்.

இந்த வருஷம் ஆலைக்கு ஓட்டுநர் இல்லாத வண்டிகள் வாங்கப் பேச்சு எழுந்தது. தள்ளுகிறவர்களைத் திரை முன்னால் உட்காரவைப்போம், ஒருவரையும் அனுப்பமாட்டோம் என்று நிர்வாகம் சொன்னது. கம்பெனி வாக்கு, நம்பினவர் பாடு.

பார்வைக்கு இரண்டு வகை வந்து நின்றன. ஒன்று தரையில் ஒட்டிய காந்தப் பட்டையை விட்டு இப்படி அப்படி நகராது. ஆட்கள் அதற்குச் செக்குமாடு என்று பேர் வைத்தார்கள். இன்னொன்று சுற்றுமுற்றும் பார்த்துத் தானே வழி தேடிக்கொள்ளும். அதற்குப் பேர் ஊர்சுற்றி. செக்குமாடு விலை குறைவு என்பதால் மேனேஜருக்கு அதன்மேல்தான் கண்.

எதை வாங்குவது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு பெர்சிஸ் என்ற இன்ஜினியர் பெண்ணுக்கு. இப்போது சரக்கு எந்த வழியில் போகிறது என்று அறிய, எல்லாத் தள்ளுவண்டிகளிலும் ஒரு சின்னக் கருவியைக் கட்டிவிட்டாள். ஒரு வாரம் ஓடவிட்டு, எல்லாரையும் கூப்பிட்டுப் பெரிய திரையில் காட்டினாள். எல்லா ஷிப்டு வண்டிகளும் போன தடம் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தது.

கார்குழலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பதாம் தூணருகே அத்தனை கோடும் வளைந்திருந்தது. நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு வெள்ளையாக இடம். ஒரு கோடுகூட உள்ளே போகவில்லை. பீம்ராவ் முகத்தையே பார்த்திராத புதுப் பையன்களின் வண்டிகூட வளைந்துதான் போயிருந்தது.

அங்கே பள்ளமா, எண்ணெய்க் கசிவா என்று பெர்சிஸ் கேட்டாள். தான் போய்ப் பார்த்ததாகவும் தரை நன்றாகத்தான் இருப்பதாகவும் சொன்னாள். நீளச் சரக்கோடு செக்குமாடு அவ்வளவு குறுக வளையாது, அதனால் பட்டையை அந்த இடத்தின் மேலேயே நேராக ஒட்டிவிடலாம் என்றாள். வளைந்துதான் போகவேண்டும் என்றால் ஊர்சுற்றி வாங்கி, திரையில் அந்த இடத்தைக் கட்டம் போட்டு, நுழையாதே என்று சொல்லிவைக்க வேண்டுமாம்.

மேனேஜர் நேராகவே ஒட்டச் சொன்னார். வேண்டாம் என்று கத்த கார்குழலி வாயைத் திறந்தாள்.

அதற்குள் பரசுராமன் எழுந்தார்.

"அங்க பீம்ராவு கீறான்மா. வண்டி சுத்திகினு போவட்டும்."

உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவரோடு நின்றார்கள். மேனேஜர் திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு ஊர்சுற்றியையே வாங்க எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெர்சிஸ் கட்டம் போட்டாள்.

எல்லாரும் கலைந்த பிறகும் கார்குழலி நகரவில்லை. பரசுராமனை நிறுத்திக் கேட்டாள்.

"இத்தினி வருஷத்துல என் கைல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நைனா?"

அவர் முழித்தார். அவளுக்குத் தெரியாது என்பதுதான் அவருக்கு அதிர்ச்சி.

"இன்னாத்த சொல்றது? வந்த அன்னிக்கே நீ அத்த சுத்திகினு போன. உன் பின்னாடிதான நாங்க எல்லாம் வந்துகினு கீறோம்."

பக்கத்தில் நின்ற தள்ளுவண்டியிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக அவர்களுக்கு முதுகைக் காட்டித் தின்ற சோறெல்லாம் நெஞ்சில் வந்து அடைத்தது.