கல்லறை வாசலில் ஒரு சொல்

மூன்று வருடம் நான் கூட்டமாகத்தான் இருந்தேன். டப்பிங் ஸ்டூடியோவில் அது ஒரு வேலை. சந்தை இரைச்சல், ஓடும் சிப்பாய்கள், சாகிறவர்களின் அலறல் எல்லாம் நாங்கள் ஐந்து பேர்தான். ஒரே போரில் இரண்டு பக்கமும் நின்று செத்திருக்கிறேன்.

போன வருடம்தான் தனி வேடம் கிடைத்தது. வெளிநாட்டுப் படம். உலகப் போர் சமயத்தில், எகிப்து மன்னர் ஒருவரின் கல்லறைக்குள் ஏதோ ரகசியம் இருக்கிறதென்று இரண்டு நாட்டு உளவாளிகளும் பாலைவனத்தில் அலைகிறார்கள். வழிகாட்டும் கிழவருக்கு நான் குரல். கல்லறைக் கதவை உளவாளி திறக்கப் போகும்போது கிழவர் கடைசியாக ஒரே சொல் சொல்வார்: "வேண்டாம்." அவன் திறந்துவிடுவான்.

மற்ற வரிகள் மளமளவென்று முடிந்தன. அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. கத்தினேன், நடுங்கினேன், இருமிக்கூடப் பார்த்தேன். டப்பிங் டைரக்டர் சென்னைக்காரர், பொறுமைசாலி. "கிழவர் மிரட்டல சார். கேட்டுக்கறார், அவ்ளோதான்" என்றார். மதியத்துக்குள் சரியாகச் சொல்லாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

திரையில் கிழவர் மறுபடி கையை லேசாகத் தூக்கினார். என் வாயில் வந்தது "பேடா."

கன்னடத்தில் வேண்டாம் என்பது அதுதான். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்த ஸ்ரீராம்புரத்துக்காரன் வாயில் அது வருவது அதிசயமில்லை. எகிப்துக் கிழவர் வாயில் வந்ததும் சவுண்ட் இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். டைரக்டர் சிரிக்கவில்லை. "இதே ஃபீல்தான் சார். ஆனா அவர் வாயை மூடி முடிக்கறார், நீங்க திறந்து முடிக்கறீங்க. இதையே தமிழ்ல குடுங்க."

கொடுத்தேன். ஓகே ஆனது.

அது என் அப்பாவின் குரல். இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அவர் தொண்டையில் குழாய் வைக்க வந்தார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அப்பா கையை லேசாகத் தூக்கி, அவருக்குப் புரிகிற மாதிரி "பேடா" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன். நான்கு நாள் குழாயோடு கிடந்து அப்பா இறந்தார். அவருக்கு அப்போது நினைவே இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

படம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் அம்மாவோடு பார்த்தேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, கிழவர் வாய் திறக்கும்போதெல்லாம் "நீதானே இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசிச் சொல் வந்தது. உளவாளி கதவைத் தள்ளினான்.

"அவர்தான் வேணாங்கறாரே. கேக்கறானா பாரு, கழுதை" என்றாள் அம்மா.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. டிவியை நிறுத்தினேன். "அம்மா, அப்பாவும் வேணாம்னுதான் சொன்னாரு. நெனவோடதான் இருந்தாரு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்டா. கொழா கிழா எதுவும் வெக்க வுடாதன்னு அன்னிக்குக் காலையிலேயே எங்கிட்ட சொல்லிட்டாரு. சொன்னா நீ கையெழுத்துப் போட மாட்டியோன்னு, நான்தான் உங்கிட்ட சொல்லல."