பிஸ்கட் டின்னுக்குள் ஒரு விமானப் படைக்காரன்

ஹோம்புஷ் ஸ்டேஷன் பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர், மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

“உள்ளே என்ன அங்கிள்?”

“ஒரு பெடியன்ர கடிதங்கள், தம்பி. உலகப் போரில, இரவில குண்டு போடப் போன விமானத்தில இருந்தவன். விமானமும் திரும்பேல்லை, உடம்பும் கிடைக்கேல்லை. மெரிலேண்ட்ஸில நாங்கள் வாங்கின வீட்டுக் கூரைக்குள்ள இது கிடந்தது. ஆரோ பெத்த பிள்ளை, எறிய மனம் வரேல்லை. ஏழு வருசமாத் தேடி, இண்டைக்குத்தான் அவன்ர தங்கச்சியின்ர பேத்தி வாறா.”

“அதுவரைக்கும் வீட்டிலேயே வெச்சிருந்தீங்களா?”

“ஓம். மனுசி அமாவாசைக்கு அமாவாசை அவனுக்கும் படைக்கிறவ. கடிதம் முழுக்கத் தாயிட்ட கேக் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதால இலையில ஒரு துண்டு கேக்கும் வைப்பா.”

சிட்டிக்குப் போகவேண்டிய என் ரயிலை விட்டுவிடுகிறேன். அடுத்ததில் அந்தப் பேத்தி இறங்குகிறாள். டின்னைத் திறந்து கையெழுத்தைத் தடவுகிறாள். அழுதபடியே பெரியவரைக் கட்டிக்கொள்கிறாள்.

அவள் போனதும் அவர் மனைவியை ஸ்பீக்கரில் அழைக்கிறார்.

“குடுத்திட்டனப்பா. இப்பதான் நெஞ்சு லேசாக் கிடக்கு.”

“அப்பாடா! அப்ப நாளைக்கு அமாவாசைக்குக் கேக் வேண்டாம், என்ன?”

வெறுங்கைகளை முழங்காலில் தேய்த்துக்கொள்கிறார்.

“வாங்கிக்கொண்டு வாறன். அவையளுக்குப் படைக்கத் தெரியாதெல்லோ.”