ஐயர் எழுதிய இரண்டு பதில்கள்

தனக்கே சொந்தமில்லாத பாஷையைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் தொழில், அடுத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களை ‘உள்ளே வாருங்கள்’ என்று உபசரிப்பது மாதிரி. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே போனவர் ‘சமையலறை எங்கே?’ என்று கேட்கும்போதுதான் நமக்கு வியர்க்கும்.

நான் கல்லூரியில் எஃப்.ஏ. வரை படித்தவள். முதல் யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, பாங்கியில் வேலையாயிருந்த கணவருடன் கல்கத்தாவுக்கு வந்தேன். பாலிகஞ்சில் வீடு. குழந்தை இரண்டு தடவை தங்காமல் போயிற்று. பகல் நீளமாக இருந்தது. நம்மவர் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். என்னிடம் படித்த ஒரே ஆண்பிள்ளை வைத்தியநாதையர். அவருக்கு வயது ஐம்பது, எனக்கு இருபத்து மூன்று.

காவலுக்கு வந்தவர்

ஐயர் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே கடிதம் எழுதுவதற்கு ஒரு முறை இருந்தது. பழைய கடிதங்களின் பிரதியெல்லாம் ஒரு தடிப்புத்தகத்தில் இருக்கும். அதில் பொருத்தமானதைத் தேடி, பேரையும் தேதியையும் மாற்றிப் பார்த்தெழுத வேண்டியதுதான். இருபது வருஷம் அப்படியே ஓடியது. புதிதாக வந்த துரை அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பூஜை லீவுக்குள் சொந்தமாகக் கடிதம் எழுத வராதவர்கள் சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் போய் வேகன் எண்ண வேண்டும் என்று உத்தரவு. ஐயருக்கு இழுப்பு உண்டு. அந்தக் கரிப்புகையில் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டார் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அதனால் என்னிடம் வந்தார். சின்ன வயதுப் பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து படிப்பது முறையில்லை என்று மனைவி தர்மாம்பாளையும் அழைத்து வந்தார். அந்த அம்மாள் எங்கள் இருவருக்கும் நடுவில் கீரைக்கட்டோடு உட்கார்ந்துகொண்டாள். உங்களுக்குச் சிரமம்தானே என்று கேட்டேன். ஒரு தண்டை ஒடித்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “எனக்கென்ன சிரமம்? ஆத்தில் நான் பேசறேன், அவர் கேக்கறார். இங்கே நீ பேசறே, அவர் கேக்கறார்.”

லுக் என்ற பெண்

முதல் பாடம் ‘லுக்’. தனியாக நின்றால் பார்ப்பது. பின்னால் ‘ஆஃப்டர்’ வந்தால் பராமரிப்பது, ‘ஃபார்’ வந்தால் தேடுவது, ‘இன்டு’ வந்தால் விசாரிப்பது. ‘டவுன் ஆன்’ என்று இரண்டு சேர்ந்து வந்தால் இளக்காரம். ஐயர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுத எழுத அவர் முகம் வாடியது. “ஏம்மா, ஒரு வார்த்தைன்னா அதுக்கு ஒரு குணம் வேண்டாமா? பக்கத்தில் யார் வந்து நின்னாலும் மாறிடறதே!” என்றார்.

அது ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. கல்லூரியில் யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தோன்றியதில்லை. தர்மாம்பாள்தான் தலை நிமிராமல் பதில் சொன்னாள்: “ஏன்னா, அதை ஏன் திட்டறேள்? உங்க பக்கத்தில் வந்து நின்னப்புறம் நான் மாறலையா?”

கை போகவில்லை

‘சஜஸ்ட்’ என்ற வினைச்சொல்லுக்குப் பின்னால் ‘டு’ போடலாம் என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்தேன். ‘வான்ட் டு’, ‘விஷ் டு’ எல்லாம் இருக்கும்போது இதற்கு மட்டும் என்ன தடை என்பது என் நியாயம். ஐயர் பேனாவை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். என்ன என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, வேதம் சொல்வது போல, இருபது வருஷத்துக் கடிதங்களை ஒப்பிக்கத் தொடங்கினார். ‘வீ சஜஸ்ட் தட் யூ...’, ‘மே வீ சஜஸ்ட் தட்...’. பதினாறு கடிதங்கள் வந்தன. ஒன்றில்கூட ‘டு’ இல்லை. எல்லாவற்றிலும் ‘தட்’ வந்து, அதற்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் தொங்கியது.

அன்றிலிருந்து நான் நிஜ ஆங்கிலத்தைப் பொறுக்க ஆரம்பித்தேன். மருந்து சீசாவின் லேபிள், டிராம் வண்டி அறிவிப்பு, பிஸ்கட் டப்பா, ஐயரின் ஞாபகம் என்று கிடைத்த இடத்திலெல்லாம். எந்த வினைக்கு எது துணை என்பதைப் பாஷை தன் போக்கில் முடிவு செய்திருந்தது; என் நியாயத்தை அது கேட்கவேயில்லை. தப்பு என்னுடையதுதான் என்று ஐயரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் பதறிப்போனார். “அப்படிச் சொல்லாதேங்கோ. நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். என் கைதான் அந்தப் பக்கம் போக மாட்டேங்கறது.”

இரக்கம் வந்தால்

‘ஆல்தோ’வுக்கு உதாரணம் கேட்டபோது அவர் ஒப்பித்தவை எல்லாமே மறுப்புக் கடிதங்கள். தங்கள் கஷ்டத்துக்காக நாங்கள் வருந்தினாலும், தங்கள் நீண்ட சேவையை மதித்தாலும். இந்த ‘ஆலும்’ எல்லாம் முன்பாதி. பின்பாதியில் ‘இயலாது’ உட்கார்ந்திருக்கும். இனிப்பையெல்லாம் சார்ந்து நிற்கும் வாக்கியத்துக்குக் கொடுத்துவிட்டு, தீர்ப்பைத் தலைமை வாக்கியம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கேட்க அழகான ஓசைதான், ஏறி இறங்கும். ஆனால் எனக்கும் ஒருமுறை, குழந்தை விஷயமாக, லேடி டாக்டர் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

சரி என்று சொன்ன கடிதம் ஒன்று சொல்லுங்கள் என்றேன். தொழிலாளி மனுக்களுக்கு அந்தப் புத்தகத்தில் ‘சரி’ என்று ஒரு பிரதிகூட இல்லையாம். “முதல் வரியில் இரக்கம் வந்துடுத்துன்னாலே மனு போயாச்சுன்னு நேக்குத் தெரிஞ்சுடும் அம்மா.”

பரீட்சை

பூஜைக்குப் பத்து நாள் முன்னால் துரை ஐயரைக் கூப்பிட்டு ஒரு மனுவைக் கொடுத்தார். ஹாராதன் என்ற கூலிக்காரனுடையது. சணலைப் பொதியாக அழுத்தும் யந்திரத்தில் வலது கை நசுங்கியவன்; வாசல் காவலாவது கொடுங்கள் என்று கேட்டிருந்தான். “பதில் எழுது” என்றார் துரை. என்ன பதில் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அந்த ஆபீஸில் யாரும் நினைத்ததில்லை.

ஐயரின் கை பழக்கப்படி ஓடி, உன் கஷ்டத்துக்காக வருந்தினாலும் இடம் காலியில்லை என்று அழகாக எழுதி முடித்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எழுதியதைத் திரும்பப் படித்தாராம். அப்புறம் இன்னொரு தாளை எடுத்து, இப்போது இடம் காலியில்லாவிட்டாலும் உன்னை வாசல் காவலுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதினார். இரண்டையும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார்.

துரை இரண்டையும் இரண்டு தடவை படித்தார். இரண்டிலும் ஒரு பிழை இல்லை என்றார். இரண்டாவதில் கையெழுத்துப் போட்டார், முதலாவதைக் கிழித்தார். ஹாராதன் மறுநாளே வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டான். அதே மறுநாள் ஐயருக்கும் உத்தரவு வந்தது: ஒன்று கேட்டால் இரண்டு எழுதுகிறவர் கடிதப் பிரிவுக்குச் சரிப்பட மாட்டார், சாந்த்ராகாச்சிக்குப் போகட்டும்.

விடை பெற்றுக்கொள்ள இருவரும் வந்தார்கள். அன்று கீரை இல்லை. தர்மாம்பாள் கம்பளி மஃப்ளர் ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தாள். இழுப்போடு அங்கே என்ன செய்வீர்கள், அந்த இரண்டாவது தாள் இல்லாமல் இருந்திருக்கலாமே என்றேன். அவர் என்னவோ நான்தான் பரீட்சையில் தவறியவள் போல என்னைத் தேற்றினார்: “இங்கிலீஷ் பாஸாயிடுத்து அம்மா, ஐயர்தான் ஃபெயில்.”

மாணவர் கற்றுக்கொள்ளாவிட்டால் நம் வேலை போகும், நன்றாகக் கற்றுக்கொண்டால் அவர் வேலை போகும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே இலக்கணம்.