முதுகு வரைந்த ஜெர்மன்காரரும் யோகன் அண்ணையின் முகமும்

பாரிஸ் கஃபேக்களில் கதிரைகள் எல்லாம் வீதியைப் பார்த்தே கிடக்கும். காதலர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், பஸ்ஸில் ஏறியவர்களைப் போல் வரிசையாக இருந்து கோப்பி குடிப்பார்கள். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் காட்சி. அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. வந்து பத்து வருடமாகியும் நான் கதிரையைச் சற்றுத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் இருக்கிறேன். பரிமாறுகிறவர் வந்து அதை நேராக்கிவிட்டுப் போகிறார்.

எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஓர் ஓவியக் கூடத்தில் எனக்கு வேலை. படங்கள் வெளியூர் போகும்போதும் திரும்பி வரும்போதும் அவற்றின் நிலையை அறிக்கையாக எழுத வேண்டும். சாய்த்துப் பிடித்த விளக்கில் வெடிப்பு, உரிவு, ஈரக்கறை, பூஞ்சணம் எதுவென்றாலும் எந்த மூலையில், எத்தனை மில்லிமீற்றர் என்று குறிக்க வேண்டும். அழகுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால்தான் எங்கள் கூடத்துக்குப் படம் தரும் அந்த ஜெர்மன் ஓவியரை என்னால் இவ்வளவு காலம் சகிக்க முடிந்தது.

அவருடைய வாழ்க்கையைக் கூடத்தின் கையேட்டில் ஒன்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஆறு வரி போதும். ஒன்று, கிழக்கு ஜெர்மனியில் ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்தார். இரண்டு, அரசாங்கக் கலைப் பள்ளியில் சிரிக்கும் தொழிலாளர்களின் முகங்களை வரையப் பழகினார். மூன்று, இருபத்து மூன்று வயதில் ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து மேற்கே வந்தார். இதை நான் கேலி செய்ய மாட்டேன். நான்கு, அந்தப் பொய்ச் சிரிப்புகளை வெறுத்து, அதன்பின் மனிதர்களின் முதுகை மட்டும் வரைந்தார். ஐந்து, ஐம்பது வருடமாக அதையே வரைந்தார். பேராசிரியரானார், மூன்று தரம் கலியாணம் செய்தார், ஒவ்வொரு முதுகுக்கும் ஒரு தத்துவம் எழுதப்பட்டது. ஆறு, வயது எழுபதைத் தாண்டியபின், அகதிகளின் பக்கத்தில் வாழ வேண்டுமென்று லா சப்பல் தண்டவாளத்தருகே ஒரு வருடத்துக்கு ஸ்டூடியோ எடுத்தார். ஹீற்றர் நன்றாக வேலை செய்யும் ஸ்டூடியோ அது.

அகதி முதுகு ஒன்று வேண்டும் என்று கூடத்தை நடத்தும் மதாம் என்னிடம் கேட்டார். நான் யோகன் அண்ணையைக் கூட்டிப் போனேன். வன்னிக்காரர். ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். அகதி விண்ணப்பம் ஒருமுறை மறுக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருக்கிறது. மனைவியும் மகளும் கிளிநொச்சியில். இடைக்கிடை சிவில் உடையில் புலனாய்வுக்காரர் இருவர் வந்து அவர் எங்கே என்று விசாரிப்பார்கள். கட்டாரில் வேலை என்பது மனைவியின் பதில். அந்த ஒரு பொய்யில்தான் அந்த வீடு நிற்கிறது. அதனால் முகம் வெளியே வரக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த ஆள் முதுகை மட்டும்தான் கீறுவார், பயப்பட வேண்டாம் என்று சொன்னது நான். சம்மதப் பத்திரத்தின் மூன்றாம் பந்தியில் ‘முதுகுப்புறமாக மட்டும்’ என்று சேர்த்ததும் நான். இந்த நாட்டில் கதிரையில் இருந்து செய்கிற வேலை இதுதான் முதல்தடவை என்று அவர் சிரித்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

மூன்று மாதம் கழித்து, லா சப்பல் மெத்ரோ வாசலில் கண்காட்சிச் சுவரொட்டி. அதில் யோகன் அண்ணையின் முகம், ஓர் ஆள் உயரத்துக்கு. ‘ஐம்பது ஆண்டுகளின் பின் முகத்துக்குத் திரும்பினார்’ என்று கீழே எழுத்து.

நேரே உணவகத்தின் பின்கதவுக்குப் போனேன். என்ன நடந்தது என்று கேட்டேன்.

“கிழவன் நிண்டுகொண்டு வேலை செய்யுது, நான் கதிரையிலை இருந்துகொண்டு முதுகைக் காட்டிறதோ? ரெண்டு நாள் பொறுத்தனான் தங்கச்சி. மூண்டாம் நாள் ஏலாமல் திரும்பி இருந்திட்டன். அவர் கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் துடைச்சார். கண் சுகமில்லையாக்கும் எண்டு நினைச்சன்.”

ஐரோப்பியக் கலையின் பெரிய திருப்பம் இப்படித்தான் நடந்தது. பெரியவருக்கு முதுகு காட்டக் கூசிய மனிதன் ஒருவன் திரும்பி உட்கார்ந்தான். அதை ஓவியர் தன் ஞானம் என்று எடுத்துக்கொண்டார்.

எனக்கு வவுனியா நினைவு வந்தது. பத்து வயதில், போர் முடிந்து முகாமுக்குள் விடுமுன் இராணுவத்தினர் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகம் மூடிய ஒருவன் கதிரையில் இருந்தான், கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவனுக்கு முகம் காட்டினோம். அவன் தலையசைத்தால் அந்த ஆளை வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற அண்ணன் ஒருவரை அப்படி எடுத்தார்கள். முகம் எவ்வளவு பாரமான பொருள் என்று எந்தக் கலைப் பள்ளியும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஓவியரிடம் பத்திரத்தோடு போனேன். அவர் பிரெஞ்சை ஜெர்மன் உச்சரிப்பில் மெதுவாகப் பேசுவார். அந்த மனிதர் தன்னை நம்பி முகத்தைத் தந்தார் என்றார். அது நம்பிக்கை இல்லை, மரியாதை என்றேன். அவர் கண்கள் பளபளத்தன. அருமை என்று சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் அது கூடத்தின் இணையப் பக்கத்தில் வந்தது: ‘அவர்களுடைய பண்பாட்டில் முகம் ஒரு காணிக்கை.’ காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து வந்தவருக்கு, ஒளிந்திருக்க வேண்டிய இன்னொருவனைத் தெரியவில்லை.

எங்கள் ஆட்களும் சளைத்தவர்களில்லை. லா சப்பல் மளிகைக்கடை முதலாளி ஒருவர் சுவரொட்டியோடு நின்று படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். அழிக்கச் சொன்னபோது அவருக்குக் கோபம்.

“எங்கடை ஆள் ஒருத்தன்ரை முகம் பரிஸிலை தொங்குது. சந்தோசப்படுறதை விட்டிட்டு எரிச்சல் படுறியே பிள்ளை?”

கிளிநொச்சியில் யோகன் அண்ணையின் மனைவி தனியாக இருக்கிறார் என்றேன். லைக் நல்லாய் வந்துகொண்டிருந்தது என்று முணுமுணுத்தபடி அழித்தார்.

மூன்றாம் பந்தியை வழக்கறிஞரிடம் காட்டுவேன் என்ற பிறகு மதாம் இறங்கி வந்தார். சுவரொட்டிகள் இரண்டு நாளில் அகற்றப்பட்டன. படத்தை எங்கும் அச்சிடவோ இணையத்தில் போடவோ மாட்டோம் என்று எழுதித் தந்தார்கள். சுவரொட்டி இருந்த இடத்தின் வெறுமையை ஒரு விமர்சகர் ‘ஓவியரின் துணிச்சலான மௌனம்’ என்று புகழ்ந்தார். படத்தை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை. ஒரு ஜெர்மன் நகரத்து அருங்காட்சியகம் அதை ஏற்கெனவே வாங்கிவிட்டது. அனுப்புமுன் நிலை அறிக்கை எழுதியது நான்தான். இடது ஓரத்தில் நான்கு மில்லிமீற்றர் வெடிப்பு, முகத்தில் சேதமில்லை.

கிளிநொச்சி வீட்டுக்கு இதுவரை யாரும் வரவில்லை. தொலைபேசி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் யோகன் அண்ணை கையைத் துடைக்காமலே எடுக்கிறார். மெத்ரோ வாசலைத் தவிர்த்து அவர் அந்த நாட்களில் சுற்றிப் போனவர், கண்காட்சிக்கும் போகவில்லை. படத்தை அவர் பார்த்ததேயில்லை. போன கிழமை, பாத்திரக் குவியலுக்கு நடுவில், திரும்பாமலே கேட்டார்.

“நான் அதிலை எப்பிடி இருக்கிறன் தங்கச்சி?”

“வீட்டுக்கு ஆர் வந்தாலும் ‘வாங்கோ’ எண்டு சொல்லப் போற மாதிரி, அண்ணை.”

அவர் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தார். அந்தப் படத்தைப் போய்ப் பார்க்க, எல்லை தாண்ட அவரிடம் பத்திரமில்லை. முகம் ஜெர்மனியில், அளவான குளிரும் ஈரப்பதமும் உள்ள ஒரு மண்டபத்தில், வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதுகு லா சப்பலில் பாத்திரத் தொட்டியின் மேல் வளைந்திருக்கிறது. ஆள் கட்டாரில் என்று கிளிநொச்சியில் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.