மைக் சொன்ன ஸ்கோர்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் எழுந்து வாசலைக் கூட்டினேன். அண்ணனின் மாத்திரைகளைக் காலைக்கு, இரவுக்கு என்று பிரித்து வைத்தேன். சட்டைகளைத் தேய்த்தேன். அண்ணி தோசை ஊற்ற, மூவரும் பசியாறினோம். பிறகு அண்ணனை முன் இருக்கையில் உட்கார்த்தி, ராவாங்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய்க்குக் கார் ஓட்டினேன். பின் இருக்கையில் அண்ணனின் மைக், துணியில் சுற்றியபடி.

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தின் திடலில் வருடத்துக்கு ஒருமுறை கால்பந்து விளையாடுவார்கள். புக்கிட் பெருந்துங்கில் குடியேறிய தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், பத்தாங் பெர்ஜுந்தாயிலேயே தங்கிவிட்டவர்கள் மறுபக்கம். ஸ்கோர் எழுத அங்கே பலகை கிடையாது. மைக்கில் சொல்வதுதான் ஸ்கோர். கடைசி ஸ்கோரை மைக் சொல்லும்வரை ஆட்டக்காரர்கள் கைகுலுக்க மாட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் இருந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அந்த மைக் எப்போதும் அண்ணனிடம்தான்.

ரேடியோ வர்ணனை கேட்டுக் கேட்டு அவர் ஆங்கிலம் பழகியவர். முதல் கோல் விழுந்தால் 'ஓப்பன் தி ஸ்கோரிங்'. சமன் ஆனால் 'லெவல் தி ஸ்கோர்'. முந்திவிட்டால் 'டேக் தி லீட்'. மற்றதெல்லாம் தமிழ். "கீப்பர் பசியாறிட்டாரான்னு யாராவது கேளுங்கப்பா, பந்து அவரைத் தாண்டிப் போறதே அவருக்குத் தெரியல" என்பார். திடலே சிரிக்கும். திட்டு வாங்கிய கீப்பரும் சிரிப்பான்.

சென்ற வருடக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. அண்ணியின் பெயர் வரவில்லை, தண்ணீர் என்ற சொல் வரவில்லை. ஆனால் ஒரு மாலை டிவியில் பந்தாட்டம் ஓடும்போது, தெளிவாக, "லெவல் தி ஸ்கோர்" என்றார். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். மனத்தில் ஊறிய சொற்றொடர்கள் சிலருக்கு அப்படியே தங்கிவிடும், அதை வைத்தே பழக்குங்கள் என்று மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னார்.

பழக்கினோம். சொற்றொடர்கள் வந்தன. எண்கள்தான் தடுமாறின. 'த்ரீ நில்' என்று நான் சொன்னால் அவர் வாயில் 'த்ரீ ஆல்' என்று வரும்; மூன்றுக்குப் பூஜ்யம், மூன்றுக்கு மூன்று என்று சமனாகிவிடும். நாலைந்து முறை முயன்றால் சரியாக வரும். அதனால் அணிகளின் பெயரையும் கடைசி ஸ்கோரையும் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். பெயரை விட்டுக்கொடுத்தார். கடைசி ஸ்கோருக்குத் தலையை ஆட்டி மறுத்து, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். பல மாதங்களாக அவர் பயிற்சிக்கு உட்கார்ந்ததே அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. பத்தாங் பெர்ஜுந்தாய் முதல் கோல் போட்டது. நான் அணியின் பெயரைச் சொன்னேன், அவர் "ஓப்பன் தி ஸ்கோரிங்" என்றார். திடல் எழுந்து கைதட்டியது. புக்கிட் பெருந்துங் சமன் செய்ததும் "லெவல் தி ஸ்கோர்". அடுத்த கோலையும் அவர்களே போட, "டேக் தி லீட்" என்றார். பழைய குரல், பழைய இழுவை.

விசில் ஊதியதும் அவர் காதில் "டூ ஒன்" என்றேன். மைக்கை இடது கையால் வாங்கிக்கொண்டார்.

"ஃபைனல் ஸ்கோர்," என்றார். "டூ ஆல்."

கைகுலுக்க வந்த ஆட்டக்காரர்கள் பாதியில் நின்றார்கள். அவர் கண்களைப் பார்த்தேன். தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூச்சை இழுத்து மறுபடி முயன்றார். மறுபடியும் "டூ ஆல்."

"டூ ஒன் லா," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"வாயை மூடுடா," என்றான் பக்கத்திலிருந்தவன்.

நான் மைக்குக்குக் கை நீட்டுவதற்குள் புக்கிட் பெருந்துங் கேப்டன் கையை உயர்த்தினான். லோரி ஓட்டுகிறவன், கனத்த குரல். "அண்ணன் சொல்லிட்டாரு. மைக் சொன்னா சொன்னதுதான். வாங்க, பெனால்டி அடிப்போம்."

அண்ணன் வேண்டாம் என்று தலையை வேகமாக ஆட்டினார். சந்தோஷத்தில் ஆட்டுகிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

பெனால்டியில் புக்கிட் பெருந்துங் தோற்றது. ஆட்டத்தில் ஜெயித்த கோப்பையை எதிரணிக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பையன்கள் ஒவ்வொருவராக வந்து அண்ணனின் தோளைத் தொட்டார்கள். "சூப்பர்ணே." "அடுத்த வருசமும் நீங்கதாண்ணே." அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முன்பெல்லாம் மைக்கில் அவர்களை எப்படியெல்லாம் கிண்டல் செய்வார். இன்று ஒருவன்கூட அவரைக் கிண்டல் செய்யவில்லை.

வீட்டில் அண்ணி மீன் குழம்பு வைத்திருந்தார். "நல்லாப் பேசினீங்களாமே, போன் பண்ணிச் சொன்னாங்க," என்றார். அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அண்ணி என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பசங்க தப்புன்னு சொல்லியிருக்கலாம்," என்றார். பிறகு, "எப்படிச் சொல்லுவாங்க, பாவம்," என்றார். அது யாருக்கான பாவம் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் கூடத்துக்கு வந்தபோது அண்ணன் என் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் கேப்டனின் எண்ணைத் தொட்டுக் காட்டினார். போட்டுக் கொடுத்தேன். லோரி இரைச்சலுக்கு நடுவில் "சொல்லுங்கண்ணே" என்ற குரல் கேட்டது.

"ஃபைனல் ஸ்கோர்," என்றார் அண்ணன். நின்றார். "டூ... டூ ஆல்." கண்களை மூடிக்கொண்டார். இன்னொரு முறை முயன்றார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அந்தப் பக்கம் லோரி ஓரங்கட்டி நிற்கும் சத்தம் கேட்டது. அவன் காத்திருந்தான்.

அண்ணன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். இரண்டு விரலைக் காட்டினார். பிறகு ஒரு விரலை.

"தம்பி, டூ ஒன்," என்றேன். "ஜெயிச்சது நீங்க. அண்ணன் சொல்லச் சொல்றாரு."

"தெரியும்ணே," என்றான் அவன்.

அண்ணன் தலையசைத்தார்.